மூட்டைக்கு நாலாவது ஆள்: எல்லை தாண்டி வந்த மைலோமா நோயாளி ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மைலோமா என்பது எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு ரத்தப் புற்றுநோய். அந்த நோய் வந்த இந்தப் பெரியவருக்கு 2022-இல் வயது 67. செங்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமம். காய்கறிச் சந்தையில் முப்பது வருஷத்துக்கு மேல் மூட்டை தூக்கியவர். கடைசி ஆறு வருஷமாகத் தூக்குவதை விட்டுவிட்டு, வண்டியில் ஏறும் மூட்டைகளை எண்ணிச் சொல்லும் வேலை பார்த்தார். மகன் பிக்கப் ஓட்டுகிறார். விடிவதற்கு முன் வெண்டையும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு புளியரை வளைவுகளில் மலையேறி, ஆரியங்காவு, தென்மலை தாண்டிக் கேரளத்தின் புனலூரில் இறக்கிவிட்டுத் திரும்புவார்.

பெரியவர் பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்துக்கு வந்தது. பேசினால் மலையாளம் ஓரளவு புரியும், படிக்க வராது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். மனைவி தினமும் செய்தித்தாள் வாசிப்பவர். எங்கள் பதிவுப் படிவத்தில் 'மொழி' என்ற கட்டத்தில் 'தமிழ், மலையாளம் புரியும்' என்று மட்டும் எழுதியிருந்தது. இந்த விவரம் பிறகு தேவைப்படும்.

நான் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையின் மருந்தாய்வுப் பிரிவில் ஒருங்கிணைப்பாளர். செவிலியாக இருந்து இந்த வேலைக்கு வந்தவள். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம் என்பதால், தமிழ் நோயாளி யார் வந்தாலும் மொழிபெயர்ப்பு என் தலையில்தான் விழும். குடும்பத்தாரிடம் கேட்டு, அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். ஆய்வின் பெயரும் மருந்து நிறுவனத்தின் பெயரும் இங்கே தேவையில்லை.

பதினோரு மாத இடுப்பு வலி

2021 ஜூலையில் வலி தொடங்கியிருக்கிறது. மூட்டை தூக்கியவருக்கு இடுப்பு வலிப்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை, அவருக்கும் இல்லை. முதலில் முறிவெண்ணெய் தேய்த்தார்கள். பிறகு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வலி மாத்திரை, தினம் இரண்டு. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு வலி ஊசி. வலி கொஞ்சம் அடங்கும், பிறகு கூடும். இதற்கிடையே எட்டு கிலோ இளைத்தார். வாசல்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. வயசாகிவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

2022 ஜூனில் தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எடுத்த அறிக்கைதான் கதவைத் திறந்தது. கேட்டது ஹீமோகுளோபின் மட்டும், அது 7.4 என்று வந்ததும் அங்கிருந்த டெக்னீசியன் தானாகவே டாக்டரிடம் கேட்டுப் புரதமும் பார்த்திருக்கிறார். மொத்தப் புரதம் 9.6, ஆல்புமின் 2.9. இரண்டுக்கும் நடுவே 6.7 கிராம் இடைவெளி. வழக்கமாக இது மூன்றுக்குப் பக்கத்தில் இருக்கும்; கூடினால் ரத்தத்தில் வேறு ஏதோ புரதம் பெருகியிருக்கிறது என்று பொருள். அந்த டெக்னீசியன் இடைவெளிக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார். அந்தத் தாள் இன்னும் கோப்பில் இருக்கிறது. வயதானவரின் இடுப்பு வலியும் ரத்தசோகையும் சேர்ந்து வந்தால் இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். பதினோரு மாதத்தில் யாரும் போடவில்லை.

என்ன கண்டோம்

நோயை எதிர்க்கும் புரதங்களைச் செய்யும் பிளாஸ்மா செல்கள் எலும்பு மஜ்ஜையில் 38 சதவீதமாகப் பெருகியிருந்தன. அந்தச் செல்கள் ஒரே அச்சில் வார்த்துத் தள்ளும் புரதம், அதாவது எம் புரதம், 4.4 கிராம். நோய் எதிர்ப்புப் புரதங்களில் ஐஜிஜி கப்பா என்ற வகை. முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தன. மண்டையோட்டு எக்ஸ்ரேயில் பஞ்ச் பண்ணியது போலச் சிறு சிறு ஓட்டைகள். நோய் எந்தக் கட்டம் என்று காட்டும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் 6.1; 5.5-க்கு மேல் போனால் மூன்றாம் கட்டம். சிறுநீரகம் கெட்டால் கூடும் கிரியேட்டினின் 2.1. நோய் மல்டிபிள் மைலோமா என்பதில் சந்தேகம் இல்லை.

சிறுநீரகத்தைக் கெடுத்தது பாதி நோய், பாதி வலி மாத்திரை. மைலோமா செல்கள் வெளியே தள்ளும் லகுச் சங்கிலி என்ற சிறு புரதங்கள் சிறுநீரகக் குழாய்களை அடைக்கும். டைக்ளோஃபினாக் அதே சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

காத்திருக்கலாமா

அப்போது எங்களிடம் புதிதாகக் கண்டறியப்பட்ட, தண்டுசெல் மாற்றுக்குப் போகாத மைலோமா நோயாளிகளுக்கான ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. போர்டிசோமிப், லெனலிடோமைட், டெக்ஸாமெத்தசோன் என்ற வழக்கமான மூன்று மருந்துக் கூட்டு ஒரு பக்கம். அதோடு நான்காவதாக ஓர் எதிர்ப்பான் மருந்து சேர்த்தது மறுபக்கம். யார் எந்தப் பக்கம் என்பதைக் கணினி தீர்மானிக்கும். எந்தப் பக்கம் விழுந்தது என்பது எல்லாருக்கும் தெரியும், ஒளிவு மறைவு கிடையாது.

ஆய்வில் சேர, நிமிஷத்துக்கு 30 மில்லியாவது சிறுநீரகம் வடிகட்ட வேண்டும். வயது 67, எடை 56 கிலோ, கிரியேட்டினின் 2.1 என்று கணக்குப் போட்டால் 27 வருகிறது. தகுதி இல்லை.

இங்கே இரண்டு கருத்து எழுந்தது. இளைய டாக்டர் சொன்னார்: போர்டிசோமிப்புக்குச் சிறுநீரகம் தடை இல்லை, ஆய்வை மறந்துவிட்டு இன்றே வழக்கமான சிகிச்சையைத் தொடங்குவோம். மூத்தவர் சொன்னார்: வலி மாத்திரையை நிறுத்தி, நரம்பு வழி நீர் ஏற்றி, நாலு நாள் டெக்ஸாமெத்தசோன் 40 மில்லிகிராம் கொடுப்போம், அதை ஆய்வு விதிகளே அனுமதிக்கின்றன, பத்தாவது நாள் மறுபடி பார்ப்போம், கிரியேட்டினின் இறங்கவில்லை என்றால் அன்றே வழக்கமான சிகிச்சை. அந்தப் பத்தாவது நாளின் தேதியைக் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆய்வுக்காக நோயாளியைக் காக்க வைப்பது எனக்கு எப்போதுமே உறுத்தும். இந்தத் தடவை உறுத்தல் குறைந்ததற்குக் காரணம் அந்தத் தேதிதான். பத்தாவது நாள் கிரியேட்டினின் 1.4, வடிகட்டும் அளவு கிட்டத்தட்ட 41. சேரலாம், லெனலிடோமைட் மட்டும் 25-க்குப் பதில் 10 மில்லிகிராமில் தொடங்க வேண்டும்.

மூன்றா, நான்கா

ஒரே மருந்தாகக் கொடுக்காமல் ஏன் கூட்டாகக் கொடுக்கிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாஸ்மா செல் ஓயாமல் புரதம் செய்யும் செல். செய்வதில் வீணாகிப் போனதை உடைத்து அப்புறப்படுத்த அதற்குள் ஓர் ஏற்பாடு உண்டு. போர்டிசோமிப் அதை அடைத்துவிடும். செல் தன் குப்பையிலேயே மூச்சுத் திணறும். லெனலிடோமைட், செல் உயிரோடிருக்கத் தேவையான இரண்டு புரதங்களைச் செல்லின் சொந்த இயந்திரத்தைக் கொண்டே அழிக்க வைக்கும். நோய் எதிர்ப்புச் செல்களையும் உசுப்பிவிடும். டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு, அது தனியாகவே பிளாஸ்மா செல்லைக் கொல்லும், மற்ற இரண்டுக்கும் கை கொடுக்கும். நான்காவதான டாராடுமுமாப், பிளாஸ்மா செல்லின் மேலே சிடி38 என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு, 'இதுதான் ஆள்' என்று உடம்பின் காவலுக்கு அடையாளம் காட்டும்.

இந்த இடத்துக்கு வந்து சேர ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1960-கள் முதல் மெல்ஃபாலனும் ஸ்டீராய்டும்தான் வழி. குழந்தைகளுக்குப் பிறவிக் குறைகளை உண்டாக்கியதால் ஒதுக்கப்பட்ட தாலிடோமைட் இந்த நோய்க்கு வேலை செய்வது 1999-இல் வெளியானது. 2003-இல் அமெரிக்காவில் போர்டிசோமிப்புக்கு அனுமதி கிடைத்தது. லெனலிடோமைட், டெக்ஸாமெத்தசோன் இரண்டோடு போர்டிசோமிப்பையும் சேர்த்தால் நோய் தலைதூக்காத காலம் நடுவாக 30 மாதத்திலிருந்து 43 மாதமாகக் கூடுகிறது என்று அமெரிக்காவின் எஸ்0777 ஆய்வு 2017-இல் காட்டியது. லெனலிடோமைட், டெக்ஸாமெத்தசோனோடு டாராடுமுமாப் சேர்த்த மாயா ஆய்வு 737 பேரிடம் நடந்து 2019-இல் வெளிவந்தது. அதிலும் சேர்த்தவர்களுக்கே மேல். ஆனால் நாலையும் ஒன்றாக, இந்த வயதில், தண்டுசெல் மாற்று இல்லாமல் கொடுத்தால் கூடுதல் பலன் தொற்றுகளையும் தளர்ச்சியையும் மீறி நிற்குமா என்பதற்கு 2022-இல் விடை இல்லை. விடை தெரிந்திருந்தால் ஆய்வே தேவைப்பட்டிருக்காது.

ஒப்புதல்

இந்தப் பகுதியை நீட்டி எழுதுகிறேன், ஏனென்றால் இதில் தவறு என்னுடையது.

2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகளின்படி, நோயாளிக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் இருக்க வேண்டும். எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் உள்ளவர்களிடம், புது மூலக்கூறு ஆய்வுகளில், ஒப்புதலை வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும். எங்கள் குழு எல்லாருக்குமே பதிவு செய்யும். படிவம் தமிழில் இருந்தது. டாக்டர் மலையாளத்தில் விளக்கினார், நான் தமிழில் சொன்னேன். பெரியவர் தலையாட்டினார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பஸ் காசு உண்டா தாயி?" உண்டு என்றேன். கையெழுத்துப் போட்டார்.

மகன் வெளியே வந்து தனியாகக் கேட்டார்: "இதுல சேரலன்னா எவ்வளவு ஆகும் அக்கா?" மூன்று மருந்துக்கு இந்தியத் தயாரிப்புகள் உண்டு, சமாளித்துவிடலாம், நான்காவதை அதன் விலைக்கு நம்மால் வெளியில் வாங்கவே முடியாது என்றேன். "அப்போ நாலு விழுந்தா லாட்டரிதான்" என்றார். கேரள எல்லையில், கோட்டைவாசலில் லாட்டரிச் சீட்டு வாங்கிப் பழகிய ஊர்க்காரர். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அப்படி விட்டிருக்கக் கூடாது.

மறுநாள் பெரியவரின் மனைவி என்னைத் தேடி வந்தார். படிவத்தின் பிரதியைப் படித்திருந்தார். "எம்மா, இந்தப் பரிசோதனை எல்லாம் முடிஞ்ச பொறவுதான மருந்து குடுப்பாங்க? எத்தன நாளாகும் பரிசோதனைக்கு?"

சில நொடி எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மலையாளத்தில் ரத்தம் பார்ப்பது 'பரிசோதன', மருந்தைச் சோதித்துப் பார்ப்பது 'பரீட்சணம்'. இரண்டும் வேறு வேறு சொல். டாக்டர் இரண்டையும் பிரித்துத்தான் சொன்னார். நான் இரண்டுக்கும் 'பரிசோதனை' என்றே சொல்லியிருந்தேன். படிவமும் அப்படித்தான். செங்கோட்டையில் பரிசோதனை என்றால் ரத்தம் எடுப்பது, ஸ்கேன் எடுப்பது. 'இந்தப் பரிசோதனையில் சேர உங்களுக்கு விருப்பமா' என்று கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்?

வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். நான் அந்தச் சொல்லைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவர் நிம்மதியாகத் தலையாட்டுகிறார்.

அந்த ஒப்புதலைச் செல்லாது என்று வைத்து, காரணத்தை நெறிமுறைக் குழுவுக்கு எழுதினோம். மூன்று நாள் போயிற்று. நோயை நினைத்தால் அந்த மூன்று நாளும் கனம்தான். இரண்டாவது தடவை டாக்டர் பேசவில்லை, நான் மட்டும் பேசினேன், மனைவியையும் மகனையும் உடன் வைத்துக்கொண்டு. சொல் எதுவும் மாற்றிப் போடாமல் நிலைமையையே சொன்னேன்: மூணு மருந்து கொடுத்தா நல்லது என்பது தெரியும், நாலாவதைச் சேர்த்தா இன்னும் நல்லதா, இல்லை கெடுதலா என்பது எங்களுக்கே தெரியாது, தெரிஞ்சுக்கிறதுக்குத்தான் உங்களை மாதிரி ஆட்களைக் கேட்கிறோம், வேண்டாம் என்றால் அந்த மூணு மருந்து இங்கேயே கிடைக்கும், நடுவில் விலகினாலும் யாரும் கோபிக்க மாட்டோம்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மூணு பேர் தூக்குற மூட்டைக்கு நாலாவது ஆள் கை குடுக்குற மாதிரி. சில நேரம் சுமை லேசாகும். சில நேரம் அவன் கால்தான் நமக்கு இடறும்."

நான் இத்தனை வருஷத்தில் கேட்ட விளக்கங்களில் இதைவிடச் சரியானது இல்லை. இப்போது தமிழ் நோயாளிகளிடம் இதையேதான் சொல்கிறேன். அன்று கேட்ட கேள்விகள் பதினொன்று. கையெழுத்து மறுநாள் காலையில். கணினி அவரை நாலு மருந்துப் பக்கம் போட்டது. மகன் லாட்டரிப் பேச்சை எடுத்தபோது பெரியவரே அடக்கினார்.

ஐந்தாவது வாரம்: சேராத ரத்தம்

முதல் எதிர்ப்பான் மருந்து ஏறி முடிய ஏழு மணி நேரம் ஆயிற்று. நடுவில் குளிர் நடுக்கம், இருமல்; நிறுத்தி, மெதுவாக்கி, மறுபடி ஏற்றினோம். இது பலருக்கும் வருவது. வாரம் ஒரு தடவை வந்து போனார். மகன் காய்கறி இறக்கும் நாளில் புனலூர் வரை பிக்கப், அங்கிருந்து பஸ்.

ஐந்தாவது வாரம் ஒரு ஞாயிறு, தலைசுற்றி விழப் போனார். சாரல் காலம், மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றிருந்தன. தமிழ்நாட்டுப் பக்கமே ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஹீமோகுளோபின் 6.1. ரத்தம் ஏற்ற வேண்டும். அங்கே கிராஸ் மேட்ச், அதாவது ரத்தம் சேருமா என்ற சோதனை, செய்ததில் நாலு ரத்தப் பையும் சேரவில்லை. மகன் சந்தைக்கு போன் போட, எட்டு சுமை தூக்கும் ஆட்கள் ஒரே ஆட்டோவிலும் இரண்டு பைக்கிலுமாக வந்து இறங்கினார்கள். வராந்தாவில் சட்டைக் கையை மடித்துவிட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்களாம். ஓ பாசிட்டிவ் இருந்த மூன்று பேரின் ரத்தமும் சேரவில்லை. "அப்பாவுக்கு உலகத்துல யார் ரத்தமும் சேராதுங்கிறாங்க அக்கா" என்று மகன் போனில் அழுதார்.

காரணம் எங்களுக்குத் தெரிந்ததுதான். சிடி38 சிவப்பணுவிலும் கொஞ்சம் உண்டு, மருந்து அதிலும் ஒட்டிக்கொள்ளும். டாராடுமுமாப் உடம்பில் இருக்கும்வரை, கடைசி டோஸுக்குப் பிறகும் ஆறு மாதம் வரை, கிராஸ் மேட்ச்சில் எல்லா ரத்தமும் 'சேராது' என்றே காட்டும். நோயாளிக்கு அதனால் ஆபத்து இல்லை. ஆபத்து, ரத்தம் கிடைக்காமல் போவதில். அதற்காகவே மருந்து தொடங்கும் முன் அவருடைய ரத்த வகையையும் சிவப்பணுவின் பிற அடையாளங்களையும் பார்த்து, ரத்த வங்கிக்கென்று ஒரு நீல அட்டை கொடுத்திருந்தோம்.

அட்டை எங்கே? பீரோவுக்குள். வீட்டுப் பத்திரத்தோடு. "இத ரொம்ப பத்திரமா வைங்க" என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவர்கள் வீட்டில் பத்திரமாக வைப்பது என்றால் அதுதான்: மஞ்சள் பையில் சுற்றி, பட்டாவோடு சேர்த்து, பூட்டி.

அங்கிருந்த ரத்த வங்கி டெக்னீசியனிடம் நானும் பிறகு எங்கள் ரத்த வங்கி டாக்டரும் பேசினோம். பழைய பரிசோதனை முடிவுகளைப் படமெடுத்து அனுப்பினோம். சோதனைச் சிவப்பணுக்களை டிடிடி என்ற வேதிப்பொருளால் கழுவினால் இந்தக் குழப்பம் நீங்கும், ஆனால் அது அங்கே இல்லை. அதனால் ஆர்எச், கெல் அடையாளங்கள் பொருந்தும் ஓ பாசிட்டிவ் பை ஒன்றை, டாக்டர் பக்கத்தில் நிற்க, மெதுவாக ஏற்றுவது என்று முடிவானது. அந்த டெக்னீசியன் காட்டிய பொறுமையை நான் மறக்கவில்லை; இப்படி ஒரு மருந்து இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும், இருந்தும் நாற்பது நிமிஷம் போனை வைக்காமல் குறித்துக்கொண்டார். ஒரு பை ஏறியது, தொந்தரவு இல்லை. பாதை திறந்ததும் இரண்டாவது பை எங்களிடம்.

பதின்மூன்றாவது வாரம்: அக்கி

அக்டோபரில் வழக்கமான நாளில் வந்தார். சட்டையைக் கழற்றியதும் ஊசி போட வந்த செவிலி பின்வாங்கினார். இடது மார்பிலிருந்து முதுகு வரை அரை வளையமாகக் காவி நிறம் காய்ந்து வெடித்திருந்தது. அதற்கடியில் கொப்புளங்கள், சில உடைந்து நீர் கசிந்தன. காய்ச்சல் 101.

அக்கி. ஹெர்பிஸ் ஜோஸ்டர். ஐந்து நாளாக இருந்திருக்கிறது. ஊரில் அக்கி எழுதும் வேளாரிடம் போய் மூன்று நாள் எழுதிக்கொண்டிருக்கிறார். காவியைக் குழைத்து, கோழி இறகால், கொப்புளத்தைச் சுற்றி. "அக்கிக்கு ஆஸ்பத்திரிக்கு யாரும் போவாங்களா எம்மா?" என்று மனைவி கேட்டார். கேள்வி நியாயமானது. அந்த ஊரில் யாரும் போக மாட்டார்கள்.

போர்டிசோமிப் எடுப்பவர்களுக்கு, பழைய அம்மை வைரஸ் நரம்பில் விழித்துக்கொள்வது நன்கு தெரிந்த விஷயம். அதைத் தடுக்க அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை எழுதியிருந்தோம். ஒன்பதாவது வாரத்தோடு அதை நிறுத்தியிருக்கிறார். ஏன்? ஆய்வு மருந்துகள் எண் போட்ட பெட்டியில், ரசீது இல்லாமல், கையெழுத்து வாங்கிக்கொண்டு, எண்ணிக் கொடுத்து எண்ணித் திருப்பி வாங்கப்படுகின்றன. அசைக்ளோவிர், ஆஸ்பிரின், கால்சியம் ஆகியவை ஆய்வு மருந்தல்ல. சீட்டில் எழுதி வெளிக் கடையில் வாங்கச் சொல்வோம். மாத்திரை தீர்ந்தது, ஊர்க் கடையில் அது இல்லை, விட்டுவிட்டார். "பெட்டியில வர்ற மாத்திர ஒண்ணுகூட விடல தாயி" என்று சத்தியம் செய்தார். உண்மைதான். எதை எண்ணுகிறோமோ அதுதான் முக்கியம் என்று அவர் எடுத்துக்கொண்டார். நாங்கள் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தோம்.

இன்னொன்று. பக்கவிளைவுக் குறிப்பேட்டின் தமிழ்ப் பதிப்பில், 'உடனே தெரிவிக்க வேண்டியவை' என்ற பட்டியலில் 'ஹெர்பிஸ் ஜோஸ்டர்' என்று தமிழ் எழுத்தில் அச்சடித்திருந்தது. மனைவி அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார், எந்தத் திணறலும் இல்லாமல். பொருள்தான் தெரியவில்லை. 'அக்கி' என்று மூன்றெழுத்தில் போட்டிருந்தால் முதல் நாளே போன் வந்திருக்கும். அந்தத் தமிழ்ப் பதிப்பைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டதும் நான்தான்.

உள்நோயாளியாகச் சேர்த்து நரம்பு வழி அசைக்ளோவிர் கொடுத்தோம். ஆறு நாள். போர்டிசோமிப், லெனலிடோமைட், எதிர்ப்பான் மூன்றையும் நிறுத்திவைத்தோம். சேர்க்க வேண்டி வந்ததால் இது கடுமையான பாதக நிகழ்வு. 24 மணி நேரத்துக்குள் நெறிமுறைக் குழுவுக்கும் ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும் மத்திய உரிம அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தோம். செலவு ஆய்வின் கணக்கில். அறிக்கையில் 'நோயாளி தடுப்பு மாத்திரையைத் தவறவிட்டார்' என்று முதலில் எழுதியிருந்தார்கள். அந்த வாக்கியத்தை எடுக்கச் சொல்லி நான் வாதாடினேன். கடைசியில் 'தடுப்பு மாத்திரை வழங்கும் ஏற்பாட்டில் இடைவெளி' என்று மாறியது. அப்படி மாறியதற்கு மூத்த டாக்டர் என் பக்கம் நின்றது காரணம்.

கொப்புளம் ஆறியது. எரிச்சல் ஆறவில்லை. சட்டை உரசினாலே தீப்பட்டது போல் இருக்கிறது என்பார்; வீட்டில் இப்போதும் துண்டுதான் போட்டுக்கொள்கிறார்.

பலன்

மூன்று வாரம் கழித்து மருந்துகளை மறுபடி தொடங்கினோம். காலில் மரமரப்பு வந்ததால் போர்டிசோமிப்பை 1.3-இலிருந்து 1.0-ஆகக் குறைத்தோம். ஆறாவது மாத முடிவில் எம் புரதம் 4.4-இலிருந்து 0.3. தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இறக்கம். ஹீமோகுளோபின் 11.2, கிரியேட்டினின் 1.1. இடுப்பு வலி, வலி மாத்திரை இல்லாமல் தாங்கும் அளவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு 0.1-இல் ஒரு மெல்லிய கோடு போகாமல் நின்றது. டாராடுமுமாப்பும் ஐஜிஜி கப்பா வகைப் புரதம்தான். அதனால் இந்த வகை மைலோமாவில் கடைசியாக மிஞ்சும் கோடு நோயினுடையதா மருந்தினுடையதா என்று சாதாரணச் சோதனையில் பிரிக்க முடியாது. மாதிரியைத் தனிச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்ததில் அது மருந்துதான். குடும்பம் அதுவரை பட்ட கவலை வீண், முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

இந்தப் பலன் நாலாவது மருந்தாலா என்று என்னைக் கேட்பவர்களுக்கு: ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது. மூன்று மருந்திலும் இதே அளவு இறங்கியவர்கள் உண்டு. அதற்காகத்தான் நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்து, கணினியைக் கொண்டு பிரித்துப் பார்க்கிறார்கள். 2024-இல் வெளியான இம்ரோஸ் ஆய்வில், வேறொரு சிடி38 எதிர்ப்பானை இதே மூன்று மருந்தோடு சேர்த்து 446 பேரிடம் பார்த்தார்கள். ஐந்து வருஷ முடிவில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் நாலு மருந்துப் பக்கம் 63.2 சதவீதம், மூன்று மருந்துப் பக்கம் 45.2 சதவீதம். பெரியவர் கையெழுத்திட்ட நாளில் இது யாருக்கும் தெரியாது.

மாற்றியவை

தமிழ்ப் படிவத்தில் 'பரிசோதனை' என்ற சொல் இப்போது ரத்தம், ஸ்கேன் இவற்றுக்கு மட்டும். மருந்தாய்வை 'எது நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு' என்று நீட்டி எழுதுகிறோம். அச்சில் ஒரு பக்கம் கூடிவிட்டது; நிறுவனம் முணுமுணுத்தது. பதிவுப் படிவத்தின் மொழிக் கட்டத்தை இரண்டாகப் பிரித்தோம்: எந்த மொழி பேசினால் புரியும், எந்த மொழியைப் படிப்பார்.

நீல அட்டை பர்ஸில் வைக்கும் அளவுக்குச் சுருங்கியது. ஒரு பக்கம் ரத்த வங்கிக்கு ஆங்கிலத்தில். மறுபக்கம் தமிழில் பெரிய எழுத்தில், 'ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் முதலில் இதைக் காட்டவும். எங்கே போனாலும் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.' எல்லைக்கு அந்தப் பக்கம் நோயாளிகள் அவசரத்துக்குப் போகும் ரத்த வங்கிகளுக்கு, மருந்து தொடங்கும் அன்றே போன் செய்துவிடுகிறேன். இது எந்த விதியிலும் இல்லை; என் டைரியில்தான் இருக்கிறது. நான் வேலையை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

தடுப்பு மாத்திரைகளையும் ஆய்வுப் பெட்டியோடு சேர்த்து எண்ணிக் கொடுக்கக் கேட்டோம். நிறுவனம் அசைக்ளோவிருக்கு மட்டும் சம்மதித்தது. ஆஸ்பிரினும் கால்சியமும் இன்னும் வெளிக் கடையில்தான். பயணம் மாறவில்லை. நூறு கிலோமீட்டருக்கு மேல், நடுவில் மலைப்பாதை. வார ஊசியைத் தென்காசிப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ள ஆய்வு விதிகளில் இடம் இல்லை. இதைப் பற்றி இரண்டு தடவை எழுதிக் கேட்டாயிற்று.

புதிய தமிழ்க் குறிப்பேட்டின் வரைவை அச்சுக்கு அனுப்பும் முன் பெரியவரிடமும் மனைவியிடமும் கொடுத்தேன். இரண்டு வாரம் வைத்திருந்தார்கள். 'ஒவ்வாமை' என்பதை அடித்து 'ஒத்துக்கலன்னா' என்று எழுதியிருந்தார்கள். 'ஹெர்பிஸ் ஜோஸ்டர்' இருந்த இடத்தில் 'அக்கி', பக்கத்தில் 'எழுதப் போகுமுன் போன் பண்ணவும்'. லெனலிடோமைட் 21 நாள் சாப்பிட்டு ஏழு நாள் விடுவதற்கு நாங்கள் 'மருந்து இடைநிறுத்தக் காலம்' என்று போட்டிருந்தோம். பெரியவர் அதன் மேல் பென்சிலால், எழுத்துக் கூட்டி, 'லீவு' என்று எழுதியிருந்தார். நெறிமுறைக் குழு மற்ற இரண்டையும் ஏற்றது. 'லீவு' வேண்டாம் என்றது. 'மாத்திரை இல்லாத ஏழு நாள்' என்று அச்சடித்தோம்.